பான்டூன் படகுக்கான தூக்கியை அமைத்தல்: ஏரிக்கரைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் மாநிலங்களின் ஏரிக்கரைகளில், வீட்டுத் துறைமேடையை ஒட்டி நான்கு கால்களில் ஒரு சட்டகம் நிற்பதையும், அதன்மேல் நீர்மட்டத்துக்கு மேலாகப் படகு ஒன்று ஏற்றி வைக்கப்பட்டிருப்பதையும் கோடை முழுவதும் காணலாம். இந்தச் சட்டகமே படகுத் தூக்கி. இரட்டை நகரங்களான மினியாபொலிஸ், செயின்ட் பால் வட்டாரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஏரிக்கரை வீடு வாங்குவோருக்கு ஏற்ற முதல் படகு பான்டூன் படகுதான். தட்டையான அகன்ற தளமும் சுற்றிலும் கைப்பிடி வேலியும் இருப்பதால், குழந்தைகளையும் முதியோரையும் அச்சமின்றி அதில் ஏற்றிச் செல்ல முடிகிறது. இவ்வகைப் படகு பிறந்ததும் இதே மினசோட்டாவில்தான். 1950-களின் தொடக்கத்தில் ரிச்மண்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் வீரஸ் என்பவர், இரும்புப் பீப்பாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து இரு வரிசைகளாக்கி, அவற்றின்மேல் மரத்தளம் அமைத்து ஏரியில் விட்டார். இன்று பீப்பாய்களின் இடத்தில் நீண்ட அலுமினியக் குழாய்கள் இருக்கின்றன.

அந்தக் குழாய்களைக் காப்பதற்காகத்தான் தூக்கி தேவைப்படுகிறது. நீரிலேயே கட்டி வைத்த படகின் குழாய்களில் சில வாரங்களில் பாசி படியும். வரிச்சிப்பிகள் (zebra mussels) எனப்படும் சிறு அயல் சிப்பிகள் பரவியுள்ள ஏரி என்றால் அவையும் ஒட்டிக்கொள்ளும். மினியாபொலிஸ் அருகிலுள்ள மினடோங்கா ஏரியில் இவை 2010-ஆம் ஆண்டு கண்டறியப்பட்டன. கடல் படகுகளுக்குப் பூசும் செம்பு கலந்த பாசித்தடுப்புப் பூச்சை இங்கே பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் செம்பு அலுமினியத்தை அரிக்கும். காற்று வீசும் நாள்களில் துறைமேடையில் மோதி நசுங்கும் ஆபத்தும் உண்டு. படகை நீருக்கு மேலே தூக்கி நிறுத்திவிட்டால் இவை எல்லாவற்றுக்கும் ஒருசேரத் தீர்வு கிடைக்கிறது.

ஆனால் தூக்கி வாங்கும் புதியவர்கள் அதன் கொள்திறனையும் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள். படகு உண்மையில் அமர்வது தூக்கியின்மேல் அன்று, தூக்கியில் பொருத்தப்படும் தாங்குப் பலகைகளின்மேல். அவை சரியாக அமையாவிட்டால் எவ்வளவு தரமான தூக்கியும் குழாய்களை நசுக்கும் கருவியாகிவிடும். ஆகவே இக்கட்டுரையில் பலகைகளைப் பற்றியே மிகுதியாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

முதலில் அளக்க வேண்டியவை

படகின் மொத்த எடை, அகலம், நீளம், குழாய்களின் எண்ணிக்கை, குழாயின் விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எடையைக் கணக்கிடும்போது விளம்பரத் தாளில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பான்டூன் படகுகளுக்குக் கொடுக்கப்படும் வெற்று எடையில் பல நேரங்களில் எஞ்சின் சேர்ந்திருக்காது. எரிபொருள் சேர்ந்திருக்கவே இருக்காது. எடுத்துக்காட்டாக, வெற்று எடை 2,300 பவுண்டு உள்ள 22 அடிப் படகு ஒன்றைக் கொள்வோம். 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சினுக்கு ஏறத்தாழ 370 பவுண்டு, 28 கேலன் பெட்ரோலுக்கு கேலனுக்கு 6 பவுண்டு வீதம் 168 பவுண்டு, பேட்டரிக்கு 50 பவுண்டு, நங்கூரம், உயிர்காப்பு அங்கிகள், குளிர்பெட்டி, படகுறை போன்றவற்றுக்கு 250 பவுண்டு என்று கூட்டினால் மொத்தம் 3,138 பவுண்டு, அதாவது 1,420 கிலோவுக்குச் சற்று மேல் வருகிறது. 2,300 என்ற எண்ணை மட்டும் நம்பி 3,000 பவுண்டுத் தூக்கி வாங்கியவர் முதல் நாளே அதன் எல்லையைத் தாண்டியிருப்பார். இந்தப் படகுக்கு 4,000 பவுண்டுத் தூக்கியே பொருத்தமானது. மூன்று குழாய்ப் படகென்றால் எடை இன்னும் கூடும். ஆள்களின் எடையைக் கூட்ட வேண்டியதில்லை. தூக்கும்போது படகில் எவரும் இருக்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம்.

அகலத்தில் இரண்டு அளவுகள் வழக்கில் உள்ளன: 8 அடியும், 8 அடி 6 அங்குலமும். இரண்டாவது வகையை அங்குலத்தில் சொன்னால் 102. கால்களுக்கிடையே 108 அங்குல இடைவெளியுள்ள தூக்கியில் இந்தப் படகை நுழைத்தால் இருபுறமும் மும்மூன்று அங்குலமே எஞ்சும். காற்றில்லாத காலைப்பொழுதில் பழகிய கை அதைச் செய்துவிடும். பக்கக் காற்று அடிக்கும் மாலையில் புதியவருக்கு அது வேண்டாத சோதனை. 120 அங்குலத் தூக்கியில் இருபுறமும் ஒன்பது அங்குலம் கிடைக்கும். விலை கூடினாலும் அதையே வாங்குங்கள் என்பது என் கருத்து.

தூக்கி வகைகளைப் பொறுத்தவரை, வீட்டுத் துறைகளில் மிகுதியாகக் காணப்படுபவை இரண்டு. செங்குத்துத் தூக்கியில் நான்கு மூலைகளிலும் கம்பிவடங்கள் இழுபட்டு, படகு நேராக மேலே ஏறும். சாய்கரத் தூக்கியில் படகு வில்போல் வளைந்த பாதையில் பின்னோக்கி நகர்ந்தபடியே ஏறும். சாய்கரத் தூக்கியின் அமைப்பு எளிது, வடங்களும் குறைவு. ஆனால் அது தூக்கும் உயரம் குறைவு. கோடைக்குள் நீர்மட்டம் ஏறி இறங்கும் ஏரிகளுக்குச் செங்குத்துத் தூக்கியே ஏற்றது. திரவ அழுத்தத்தால் (ஹைட்ராலிக்) இயங்குபவை, காற்றறைகளால் மிதப்பவை என வேறு வகைகளும் உண்டு. 

இடமும் ஆழமும்

துறைமேடையின் எந்தப் பக்கத்தில் தூக்கியை வைப்பது என்பதை ஆழமும் அடித்தரையும் காற்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அளவு குறித்த கழியுடன் நீரில் இறங்கி, தூக்கியின் நான்கு கால்கள் வரப்போகும் இடங்களில் தனித்தனியே ஆழத்தை அளக்க வேண்டும். தேவையான ஆழத்தைக் கீழிருந்து மேலாகக் கூட்டிப் பார்க்கலாம். முற்றிலும் இறக்கிய நிலையில் அடித்தரையிலிருந்து தூக்கியின் குறுக்குச் சட்டத்து மேல்விளிம்பு வரை 10 அங்குலம், அதன்மேல் தாங்குப் பலகையும் அதைச் சட்டத்தோடு இணைக்கும் பிடிமானமும் 6 அங்குலம், 25 அங்குல விட்டமுள்ள குழாய் பாதியளவு மூழ்குவதற்கு 13 அங்குலம், உரசாமல் நுழைய 4 அங்குலம் என்று கொண்டால் 33 அங்குலம் வருகிறது. உங்கள் தூக்கியின் உண்மையான அளவுகளை இந்த எண்களின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள். கிடைத்த விடை, நீர் வற்றும் ஆகஸ்டு இறுதியிலும் அங்கே இருக்க வேண்டிய ஆழம் என்பதையும் மறக்க வேண்டாம். மே மாதத்தில் பனியுருகிய நீர் நிறைந்திருக்கும்போது அளந்துவிட்டு, பள்ளிகள் திறக்கும் வேளையில் படகைத் தூக்கியிலிருந்து இறக்க முடியாமல் நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பக்கத்து வீட்டில் நெடுநாள் இருப்பவரிடம் நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று கேட்பது எந்த அட்டவணையையும்விடப் பயன்தரும்.

அடித்தரை மணலாக இருந்தால் தொல்லை குறைவு. சேறாக இருந்தால் கால்களுக்கு அடியில் அகன்ற பாதத்தட்டுகள் தேவை. இல்லாவிட்டால் படகின் எடையில் ஒரு கால் மட்டும் புதைந்து சட்டகம் முறுக்கிக்கொள்ளும். பாறைகள் இருந்தால், பாதம் படும் இடத்திலுள்ள கற்களை நகர்த்தித் தட்டையாக்க வேண்டும். அதற்கு மேல் ஏரியின் அடித்தரையைத் தோண்டுவதோ நிரப்புவதோ அனுமதி தேவைப்படும் செயல். துறைமேடை, தூக்கி ஆகியவற்றின் அளவு, அண்டை வீட்டு எல்லையிலிருந்து விட வேண்டிய இடைவெளி, மேற்கூரை ஆகியவை பற்றி மாநில இயற்கை வளத்துறைக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் விதிகள் உள்ளன. மினடோங்கா போன்ற ஏரிகளுக்கெனத் தனிப் பாதுகாப்பு மாவட்ட அமைப்பே இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

தாங்குப் பலகைகள்

பழைய தூக்கியை வாங்குபவர்கள் இங்குதான் கவனமாக இருக்க வேண்டும். கூரிய அடிப்பகுதி கொண்ட சாதாரணப் படகுகளுக்கான தூக்கியில் இரண்டு பலகைகளும் நடுவை ஒட்டி, உட்புறம் சாய்ந்தவாறு இருக்கும். பான்டூன் படகை அதன்மேல் ஏற்றினால் பலகைகள் குழாய்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தில் புகுந்துவிடும், அல்லது குழாயின் உள்பக்கச் சுவரை ஆப்புபோல் அழுத்தும். குழாயின் சுவர் ஏறத்தாழ 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமனே உள்ள அலுமினியத் தகடு. பக்கவாட்டில் வரும் அழுத்தத்தைத் தாங்க அது செய்யப்படவில்லை.

எடையைத் தாங்கும் இடம் குழாயின் மிகக் கீழ்ப்பகுதி. பெரும்பாலான குழாய்களில் அங்கே நீளவாக்கில் ஒரு தண்டவாளம்போன்ற முதுகுப்பட்டை பற்றவைக்கப்பட்டிருக்கும். தாங்குப் பலகையின் நடுக்கோடு அந்தப் பட்டைக்கு நேர் கீழே வர வேண்டும். இதற்காக இரு குழாய்களின் நடுக்கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை அளக்க வேண்டும். குழாய்களின் வெளிவிளிம்பு தளத்தின் விளிம்போடு ஒத்து வரும் படகானால், 102 அங்குல அகலத்திலிருந்து 25 அங்குல விட்டத்தைக் கழிக்க, 77 அங்குலம் கிடைக்கும். ஆயினும் கணக்கை நம்பிப் பிடிமானங்களை முடுக்கிவிட வேண்டாம். படகு இழுவை வண்டியின்மேல் இருக்கும்போது நாடாவை வைத்து முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் அளந்து பார்ப்பதே முறை.

அடுத்தது நீளம். தூக்கியின் இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கிடையே உள்ள தூரம் படகின் நீளத்தில் பாதிக்கும் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். பலகையே இல்லாமல், அல்லது மிகக் குட்டையான பலகையோடு ஏற்றினால், முழு எடையும் நான்கு சிறு புள்ளிகளில் குவிந்து குழாயில் பள்ளம் விழும். பலகைகள் குழாயின் நேரான பகுதியின் பெரும்பகுதியைத் தாங்கும் அளவு நீண்டிருக்க வேண்டும். சட்டங்களுக்கு வெளியே நீளும் முனைகள் வளையாத அளவுக்கு உறுதியாகவும் இருக்க வேண்டும். குறிப்பாக எஞ்சின், பெட்ரோல் தொட்டி, பேட்டரி ஆகியவை அமரம் எனப்படும் பின்முனையில் இருப்பதால், பின்பக்கத்தில் பலகை குறையவே கூடாது.

மூன்று குழாய்ப் படகுகளில் ஒரு சிக்கல் உண்டு. பல வடிவங்களில் நடுக்குழாய் மற்ற இரண்டைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். வெளிக்குழாய்களுக்கென ஒரே உயரத்தில் பலகைகளை அமைத்துவிட்டு, நடுக்குழாய் தூக்கியின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், முழுப் படகும் அந்த ஒரு குழாயில் நின்றுவிடும். வேகத்துக்காகக் குழாயின் பக்கங்களில் பற்றவைக்கப்பட்டிருக்கும் தகட்டுப்பட்டைகள்மீது பலகை படுவதும் ஆகாது.

குழாய்களைத் தொடாமல், அவற்றுக்கிடையே உயரமான தாங்கிகளை எழுப்பி, தளத்தின் அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் படகைத் தாங்கும் முறை ஒன்றும் உண்டு. குழாய்கள் எதிலும் உரசாது என்பதால் சிலர் இதை விரும்புகிறார்கள். எனக்கு இதில் முழு ஒப்புதல் இல்லை. குழாய்கள் தளத்தைத் தாங்குவதற்குப் பதிலாகத் தளத்திலிருந்து தொங்குகின்றன; தாங்கும் அகலமும் குறுகிவிடுவதால், ஒருபக்கமாக எடை கூடினால் படகு ஆடுகிறது. தளத்தின் அடிப்பகுதியை மூடி அலுமினியத் தகடு போடப்பட்டிருந்தால் தகடு நசுங்கும். நடுக்குழாய் உள்ள படகுகளில் தாங்கிக்கு இடமே குறைவு. உங்கள் படகின் கையேடு இம்முறையை வெளிப்படையாக அனுமதித்தால் மட்டும் பயன்படுத்துங்கள். அப்போதும் தாங்கி பல குறுக்குச் சட்டங்களில் ஒருசேரப் படுமாறு நீளமாக இருக்க வேண்டும்.

பலகை எதனால் ஆனது என்பதும் முக்கியம். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் பதப்படுத்திய மரத்தில் பூஞ்சையைத் தடுக்கச் செம்புச் சேர்மங்கள் ஏற்றப்பட்டிருக்கும். அதன்மேல் கம்பளத்தைச் சுற்றி அலுமினியக் குழாயை உட்கார வைத்தால், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கம்பளம் வழியாகச் செம்பு குழாயைச் சிறுசிறு குழிகளாக அரிக்கத் தொடங்கும். வெளியே தெரியாத இடத்தில் நிகழ்வதால், குழாய்க்குள் நீர் கசிந்த பிறகே பலர் அறிகிறார்கள். வினைல் உறை பொருத்திய அலுமினியப் பலகை, அல்லது உறுதியான பிளாஸ்டிக் மேற்பரப்புள்ள பலகை நல்லது.

தூக்கியை நீரில் இறக்குதல்

சட்டகத்தைக் கரையிலேயே முழுமையாகப் பூட்டி, மூலைவிட்டங்கள் இரண்டும் சமமாக உள்ளனவா என்று அளந்து, தாங்குப் பலகைகளையும் பொருத்திய பிறகே நீரில் இறக்க வேண்டும். நீருக்குள் நின்று மரைகளை முடுக்குவது இரட்டை வேலை. இறக்குவதற்கென்றே கழற்றி மாட்டும் சக்கரங்கள் விற்கப்படுகின்றன. காற்றில்லாத நாளில், மூன்று நான்கு பேர் துணையோடு மெதுவாக உருட்டிச் செல்லுங்கள். அடித்தரையில் கால்கள் ஊன்றியதும், ஒவ்வொரு காலிலும் உள்ள உயரச் சீரமைப்பைப் பயன்படுத்திச் சமப்படுத்த வேண்டும். கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தைக் குறுக்குச் சட்டங்களின்மேல் வைத்துக் குறுக்குவாட்டில் முற்றிலும் சமமாகவும், நீளவாட்டில் அணியம் எனப்படும் முன்முனை ஓரிரு அங்குலம் உயர்ந்தும் இருக்குமாறு அமையுங்கள். அந்தச் சிறு சரிவு, தளத்தில் விழும் மழைநீர் பின்பக்கமாக வடிவதற்காக.

படகின் எடை ஏறியபின் கால்கள் மீண்டும் சற்றே புதையும். ஆகையால் முதல் வார இறுதியில் ரசமட்டத்தை மறுபடியும் வைத்துப் பார்த்துச் சரிசெய்வது இப்பணியின் ஒரு பகுதியே.

முதல் முறை தூக்குதல்

தூக்கியை முற்றிலும் இறக்கி, பக்கவழிகாட்டிக் கம்பங்களுக்கிடையே படகை மிக மெதுவாக நுழைக்க வேண்டும். எஞ்சின் பின்புறக் குறுக்குச் சட்டத்தில் இடிக்காத அளவுக்கு அதைச் சற்று மேலே சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். படகு நின்றதும் எஞ்சினை அணைத்து, அனைவரையும் துறைமேடைக்கு இறக்கிவிடுங்கள். பிறகு பலகைகள் குழாயைத் தொடும் வரை மட்டும் தூக்கி நிறுத்தி, நீரில் இறங்கி நான்கு மூலைகளையும் பாருங்கள். இரண்டு குழாய்களும் ஒரே நேரத்தில் பலகையில் அமர்ந்தனவா, முதுகுப்பட்டை பலகையின் நடுவில் இருக்கிறதா, எங்கேனும் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் முந்தி அமர்ந்தால் அந்தப் பக்கத்துப் பிடிமானத்தைத் தாழ்த்த வேண்டும். படகு தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டால் தளம் முறுக்கேறும்.

முன்பின் நிலையும் இப்போதுதான் தெரியவரும். படகின் எடைமையம் நீளத்தின் நடுவில் இல்லாமல் பின்தள்ளி இருப்பதால், பார்வைக்கு நடுவில் நிறுத்திய படகு உண்மையில் பின்பாரமாக இருக்கும். ஓரடி தூக்கிப் பார்க்கும்போது தூக்கியின் முன்கால்கள் தரையில் பிடிப்பை இழந்தால் உடனே இறக்கி, படகை முன்னே நகர்த்துங்கள். சரியான இடம் கிடைத்த பிறகே அணியத் தடுப்பை அந்த இடத்தில் பூட்ட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு முறையும் தடுப்பைத் தொடும் வரை ஓட்டினால் போதும்.

கைச்சக்கரத்தைச் சுழற்றிக் கம்பிவடத்தைச் சுருட்டும் வின்ச் பற்றி ஓர் எச்சரிக்கை. பாரம் ஏறிய நிலையில் சக்கரத்தின் தடை நழுவினால் அது அசுர வேகத்தில் சுழலும். அதைப் பிடிக்கக் கை நீட்டியவர்களின் எலும்பு முறிந்திருக்கிறது. சக்கரம் கைமீறினால் விலகி நில்லுங்கள், படகு போனால் போகட்டும். தடைத் தட்டுகளில் ஒருபோதும் கிரீஸ் தடவக் கூடாது.

மின்சாரம்

மோட்டார் பொருத்த விரும்பினால், பேட்டரியில் இயங்கிச் சூரியத்தகட்டால் மின்னேறும் அமைப்பையே தேர்ந்தெடுங்கள். வீட்டிலிருந்து 120 வோல்ட் இணைப்பை இழுப்பதானால், உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, ஜி.எஃப்.சி.ஐ. எனப்படும் கசிவுத் துண்டிப்பான் பொருத்திச் செய்ய வேண்டும். அமெரிக்க மின்விதிகள் படகுத் தூக்கிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியுள்ளன. நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதில் கடத்துவதால், நீரில் கசியும் சிறிதளவு மின்சாரமும் நீந்துபவரின் தசைகளைச் செயலிழக்கச் செய்து மூழ்கடிக்கக்கூடியது. மின்னிணைப்புள்ள தூக்கியின் அருகே குழந்தைகளை நீந்த விடாதீர்கள். எவரேனும் நீரில் திடீரென விறைத்துப்போனால், குதித்துக் காப்பாற்ற முயலாமல் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

காற்றும் பனியும்

சாதாரண நாளில் குழாயின் அடிப்பகுதி அலையின் உச்சிக்கு ஓரடிக்கு மேல் இருந்தால் போதும். புயல் எச்சரிக்கை வந்தால் இன்னும் உயர்த்துங்கள். அலை படகைப் பலகையிலிருந்து எழுப்பிவிட்டால், திரும்ப விழும்போது அது வேறெங்கோ விழும். அதே வேளையில் பான்டூனின் பக்க வேலியும் மடக்குக் கூரையும் காற்றைப் பாய்போல் வாங்கும் என்பதால், மடக்குக் கூரையைச் சுருட்டிக் கட்டி, தூக்கியைத் துறைமேடையோடு அல்லது அடித்தரையில் அறைந்த கம்பிகளோடு பிணைத்து வைக்க வேண்டும். தூக்கிக்குத் துணிக்கூரை போட்டிருந்தால், படகில்லாத வெற்றுத் தூக்கி கவிழும் வாய்ப்பு அதிகம்.

மாதம் ஒருமுறை கம்பிவடங்களைக் கையுறை அணிந்து தடவிப் பாருங்கள். ஓரிழை அறுந்து துருத்தினாலும் அந்த வடத்தை மாற்றிவிட வேண்டும். கப்பிகளைச் சுற்றி வரும் பகுதியில்தான் தேய்மானம் முதலில் தெரியும்.

மினசோட்டா ஏரிகள் உறையத் தொடங்கும் முன்பே, பெரும்பாலும் அக்டோபரில், தூக்கியைக் கரைக்கு ஏற்றிவிட வேண்டும். நகரும் பனிக்கட்டி அலுமினியக் கால்களை வளைத்துவிடும். இதைக் கூலிக்குச் செய்துதரும் நிறுவனங்கள் மாநில இயற்கை வளத்துறையின் பயிற்சியும் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த அனுமதியைக் கேட்டுப் பார்த்த பிறகே வேலையை ஒப்படையுங்கள். ஓர் ஏரியிலிருந்து எடுத்த தூக்கியையோ துறைமேடையையோ வேறோர் ஏரியில் இறக்குவதற்கு முன் குறைந்தது 21 நாள்கள் உலரவிட வேண்டும் என்பதும் அங்கே சட்டம். பழைய தூக்கி வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும் என்பதால், அது எந்த ஏரியிலிருந்து, எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது என்பதை விற்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சட்டகத்தின் உட்குழல்களிலும் பாதத்தட்டுகளின் அடியிலும் வரிச்சிப்பிகள் ஒட்டியிருந்தால், உலர்ந்த பிறகும் அவற்றைச் சுரண்டி அகற்றிவிட்டே நீரில் இறக்க வேண்டும்.